ஐந்தாவது வாரம்

உதவி செய்யப் போய் உபத்திரவத்தில் முடிந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. போன ஞாயிறு நடந்ததுதான் அவற்றில் மிக மோசம்.

நோபல் பார்க்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி சுகந்தி. அவளுடைய மகனுக்கு நான்கு வயது. நடக்கமாட்டான், பேசமாட்டான். கருவிலேயே மூளை ஒழுங்காக வளரவில்லை என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஏன்? எல்லா டெஸ்ட்டும் எடுத்தும் அதை மட்டும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே! என்னோடு ரயிலில் வரும் கார்த்திகா, மதுரைப் பெண். கரு வளரும்போது மூளை எப்படி உண்டாகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இருவரையும் ஸ்பிரிங்வேலில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார வைத்தேன்.

கார்த்திகா பொறுமையாக விளக்கினாள். எல்லா செல்லிலும் இருப்பது அதே ஜீன்கள்தான். எல்லாக் குசினியிலும் அதே மிளகாய், மல்லிச் சரக்குத்தானே... எந்தப் போத்தலைத் திறக்கிறோம் என்பதில்தான் கறி வேறுபடுகிறது. அதுபோல எந்த ஜீன் எப்போது வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு செல் மூளையில் என்னவாகும் என்று தீர்மானமாகிறதாம். எலிக் கருவில் அதை ஒவ்வொரு செல்லாக, நாள் நாளாகப் பார்க்கிறார்கள். எனக்கு ஒரே பெருமை — ஏதோ நானே கண்டுபிடித்தது போல.

சுகந்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான். மனிதருக்கு மூளை எப்போது உருவாகத் தொடங்கும்?

“அஞ்சாவது வாரம் வாக்குல அக்கா. ஆனா உங்க பையனுக்கு எப்போ, எந்த செல்லுல தப்பாச்சுன்னு எங்களால சொல்ல முடியாது.”

பின்பாதி சுகந்தியின் காதில் விழவேயில்லை. விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணை, அந்தக் கிழமைதான் நான் கந்தசஷ்டி விரதம் பிடிச்சனான். ஆறு நாளும் வெறும் தண்ணி. வயித்தில பிள்ளை நிக்கிறது தெரியாது. பிள்ளை வேணுமெண்டுதானே பிடிச்சனான்...”

விரதத்தால் இப்படி வராது என்று கார்த்திகா திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்படியென்றால் எதனால் என்று சுகந்தி கேட்டாள். வாய் கிழியப் பேசுகிற நான் கோப்பிக்குக் காசு கட்ட எழுந்து போனேன்.

தெரிந்துகொண்டால் மனப்பாரம் குறையும் என்று பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் எத்தனை தடவை உபதேசம் செய்திருப்பேன்! அரைகுறையாகத் தெரிந்தால் என்னவாகும் என்று யோசித்தேனா? காரில் திரும்பும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இவ்வளவு நாளும் சுகந்தி விதியை ஏசினாள், டொக்டர்களை ஏசினாள், முருகனைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்போது அவர்கள் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள்... அவளைத் தவிர.