ஃபாதரை ஏற்றிவந்த சனிக்கிழமை

பெருமாள்சாமி நெற்றியில் நாமம் போடுவார், வாயால் ‘ஹெய்ல் மேரி’ ஜெபம் சொல்லுவார். இதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழப்பமெல்லாம் பார்க்கிற நமக்குத்தான்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். விவேக் நகரைத் தாண்டி இருக்கும் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கு ஆட்டோவில் பிள்ளைகளை ஏற்றிப்போவதுதான் அவர் வேலை. பின்சீட்டுக்கு எதிரே ஒரு பலகை போட்டிருப்பார். சின்னதுகள் பலகையில், பெரியதுகள் சீட்டில், பைகள் வெளியே கொக்கியில். யார் எங்கே உட்கார்வது என்று சண்டை வந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. குழந்தை இயேசு கோயில் திருப்பம் வந்ததும் எல்லாம் சண்டையை நிறுத்திவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு ஹெய்ல் மேரி சொல்லும். கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம். காலி வண்டியில் போனாலும் அந்தத் திருப்பத்தில் அவர் உதடு அசையும்.

அப்புறம் கொரோனா வந்தது. பள்ளியைப் பூட்டினார்கள். வண்டி சில மாதம் வாசலிலேயே நின்றது.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் தலைமை ஆசிரியை சிஸ்டரிடமிருந்து அழைப்பு. போனில் பாடம் நடத்துகிறார்களாம். ஆனால் பாதி வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அதனால் பாடத்தை அச்சடித்துத் தருவார்கள், திங்கட்கிழமை வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்ப வாங்கிவர வேண்டும்.

“நம்ம பிள்ளைங்க சிதறிடக் கூடாது பெருமாள். ஸ்கூல் தொறந்ததும் நீங்கதானே கூட்டிட்டு வரப்போறீங்க?” என்றார் சிஸ்டர்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மனிதர் விழுந்தார். ஒன்றேகால் வருஷம், மழையோ வெயிலோ, போய்க்கொண்டே இருந்தார். தெருமுனையில் மூன்று தடவை ஹாரன் அடிப்பார். பிள்ளைகள் மாடியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் கத்தும். பாடக் காகிதம் இருக்கும் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் தள்ளி நிற்பார். பலகையில் ஓர இடம் கிருத்திகா என்ற சின்னப் பெண்ணுடையது. “என் எடத்துல யாரும் உக்காரலயே அங்கிள்?” என்று வாராவாரம் கேட்பாள். “அப்படியே இருக்கு கண்ணு” என்பார். அவள் அம்மா சோனியா வாசற்படியில் நின்று, “ஸ்கூல் தொறந்தா உங்க ஆட்டோதாண்ணா. வேற யாரை நம்பி அனுப்புவேன்?” என்பாள். எல்லா அம்மாக்களும் அதையேதான் சொன்னார்கள். சொல்வதற்கென்ன, வாய்தானே.

பள்ளியில் காகிதங்களைக் கட்டிக் கொடுப்பவர் கேரல் மிஸ். தன் ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கும் ஒரு கப் டீ ஊற்றித் தருவார். உலகத்திலேயே நல்ல மனுஷி என்றால் கேரல் மிஸ்தான் என்பது பெருமாள்சாமியின் கட்சி.

நடுவில் ஆட்டோ ஸ்டாண்டில் கூட இருக்கும் கன்னடக்கார மஞ்சுநாத் ஒரு சேதி கொண்டுவந்தான். எலக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டி ஓட்டும் வேலை.

“நல்ல கெலசாப்பா, பெருமாளு. மாசம் பொறந்தா சம்பளம். ஒன் ஸ்கூலு எப்ப தொறக்குமோ, யாருக்குத் தெரியும்?”

“தொறந்துட்டா புள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போறது?” என்றார் இவர்.

அந்த வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. அவர் மனைவி ஜானகி அபார்ட்மெண்டுகளில் பாத்திரம் தேய்க்கப் போனார். கொஞ்ச நாள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்துவிட்டுப் போனார். நானும் திட்டினேன். பிள்ளைகள் வரும் என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் பள்ளி திறக்க உத்தரவு வந்தது. பெருமாள்சாமியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பலகைக்குச் சிவப்பு ரெக்சின் தைத்துப் போட்டார். அந்த நேரம் பார்த்து சிஸ்டர் மறுபடி அழைத்தார். “திங்கக்கிழமை ஸ்கூல். சனிக்கிழமை காலைல ஒரு மந்திரிப்பு வெச்சிருக்கோம். பேரன்ட்ஸ், பிள்ளைங்க எல்லாரும் வராங்க. ஃபாதரை நீங்க கூட்டிட்டு வந்துடுங்க.”

அவர் என்ன நினைத்தார் தெரியுமா? வகுப்பறைகளை ஜெபம் சொல்லி மந்திரிப்பார்கள், முடிந்ததும் தன்னை முன்னால் நிறுத்தி இரண்டு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று. என்னிடம் வந்து நெளிந்தார். “மைக்கு குடுத்தா என்ன சார் பேசறது?” நானும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். கைதட்டக் கூட ஆள் வேண்டுமே என்று சனிக்கிழமை நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, சனிக்கிழமை நாமம். ஆஸ்டின் டவுனில் ஃபாதரை ஏற்றிக்கொண்டோம். கோயில் திருப்பத்தில் இவர் உதடு அசைந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஃபாதர் சிரித்தார். “ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாக்கி, பெருமாள்!” மூன்று பேருமே சிரித்தோம்.

பள்ளி மைதானத்தில் ஒரு மஞ்சள் பஸ் நின்றது. முகப்பில் சாமந்தி மாலை, பக்கவாட்டில் பள்ளியின் பெயர். “யாரு பஸ்ஸு சார் இது?” என்று என்னைக் கேட்டார். ஃபாதர் அங்கியை மாட்டிக்கொண்டு நேரே பஸ்ஸிடம் போனபோது எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

ஃபாதர் ஜெபம் சொல்லி, பஸ்ஸின் நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். சிஸ்டர் மைக்கைப் பிடித்தார். இனிமேல் எந்தப் பிள்ளையும் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வர வேண்டாம், ஆட்டோக்கள் கேட் பக்கம் நிற்கவும் கூடாது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சோனியாவும் தட்டினாள். நான் பார்த்தேன்.

அந்தச் சத்தத்தில் கிருத்திகா வரிசையை விட்டு ஓடிவந்து ஆட்டோவில் ஏறினாள். “புது சீட்டா அங்கிள்!” என்று தன் ஓர இடத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் எதிர்ச்சீட்டில் இடித்தது, அவ்வளவு வளர்ந்துவிட்டாள். பின்னாலேயே சோனியா வந்தாள். “எறங்குடி, பஸ்ஸுல ஃபோட்டோ எடுக்கறாங்க.” பெருமாள்சாமி சோனியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மகளை மட்டும் பார்த்து, மகளை மட்டும் இழுத்துக்கொண்டு போனாள்.

கேரல் மிஸ் தூண் ஓரமாக நின்றிருந்தார். இவர் போய்க் கேட்டார்.

“இது எப்ப முடிவாச்சு மிஸ்?”

“போன கிறிஸ்மஸுக்கே, பெருமாள்.”

“புள்ளைங்க வீட்டுக்கெல்லாம்?”

“வாட்ஸ்அப் குரூப்ல அப்பவே போட்டாச்சு. எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க.”

“சோனியாம்மா போன வாரம்கூட உங்க ஆட்டோதாண்ணான்னு சொன்னாங்களே மிஸ். நீங்க டீ குடுத்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

கேரல் மிஸ் அழ ஆரம்பித்தார். “சொல்லணும்னுதான் நெனச்சேன். முன்னாடியே தெரிஞ்சா பேப்பர் கொண்டுபோறத நிறுத்திடுவீங்கன்னு சிஸ்டர் வேணாம்னுட்டாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாதம் ஒரு மனுஷனை வீடுவீடாக ஓடவிட்டு, அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இப்போது அழுகை ஒரு கேடு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

“நிறுத்தியிருக்க மாட்டேன் மிஸ்.”

கேரல் மிஸ் முகத்தை மூடிக்கொண்டார். இவர் திரும்பி வந்து வண்டிப் பக்கம் நின்றார்.

ஃபாதர் பையோடு வந்தார். பாத்திரத்தில் மிச்சம் இருந்த தீர்த்தத்தை ஆட்டோ மேலும் தெளித்தார். நல்ல மனசோடுதான் செய்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். சிவப்பு ரெக்சினில் சொட்டுச் சொட்டாக நின்றது. ஏறி உட்கார்ந்துகொண்டு, “போலாமா பெருமாள்? பதினோரு மணிக்கு ஒரு கல்யாணம் இருக்கு” என்றார்.

“எறங்குங்க ஃபாதர்.”

ஃபாதருக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. “என்னப்பா?”

“பஸ்ஸுல போங்க. இப்பத்தானே மந்திரிச்சீங்க.”

குரலை உயர்த்தவில்லை. ஃபாதர் இறங்கும்வரை நின்றார். பிறகு பலகையைத் துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பின்சீட்டில் நான் ஒருவன்தான்.

கோயில் திருப்பம் வந்தது. நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசையவில்லை.