மோனைக்கு வந்த ஊர்

ஆரோக்கியதாஸால் தனியாக உட்கார்ந்து ஒரு வரி எழுத முடியாது. அவன் பாட்டெல்லாம் கூட்டத்தில் பிறந்தவைதான். தாடிக்கொம்பு சாலையில் அவனுக்குக் கடை; எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவான். மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் காத்திருக்கும் சம்சாரிகள் சும்மா இருப்பார்களா, எதையாவது புலம்புவார்கள். அந்தப் புலம்பலை அவன் ஒரு மெட்டில் திருப்பிப் பாடுவான். இன்னொருவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார். கடையில் இருப்பவர்கள் சிரித்தால் வரி நிற்கும், சிரிக்காவிட்டால் போய்விடும். அவனுக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

கயிறு திரித்துத் தேய்ந்த கட்டைவிரலை ரேஷன் கடை மெஷின் அடையாளம் தெரியாமல் விழிப்பதைப் பற்றி ஒரு பாட்டு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கப்போய்த் துண்டு மட்டும் மலையேறிவிட்டதைப் பற்றி ஒன்று. அவன் மனைவி மரியசெல்வி போனில் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். கோயில் திருவிழாக்களிலும் சர்ச் திருவிழாக்களிலும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மேடையில் அவனோடு தவறாமல் நிற்பவன் பொன்னழகு.

பொன்னழகு அகரத்தில் ஒரு ஏக்கர் மல்லிப்பூ போட்டிருந்தான். ஆரோக்கியதாஸுடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டினால் தவில் தோற்றுவிடும். வயது நாற்பத்தொன்றாகியும் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்குப் பெண் பார்க்க அவனுடைய அக்கா போகாத ஊர் பாக்கியில்லை. போன இடமெல்லாம் விவசாயி என்றதும் காபியோடு அனுப்பி வைத்தார்கள்.

ஒருநாள் கடையில் உட்கார்ந்து அந்தக் கதைகளை அவனே அவிழ்த்துவிட்டான். அன்று மத்தியானத்துக்குள் பாட்டு தயாராகிவிட்டது.

“ஒரு ஏக்கரு மல்லி இருக்குன்னேன் – மாமா
ஒரு கவர்மெண்டு வேலை இருக்கான்னாரு
எனக்குன்னு ஒருத்தி இருப்பாளா?” என்று பொன்னழகு கேட்க, கடையில் இருந்தவர்கள் எல்லாரும் “இருப்பா! இருப்பா!” என்று கத்தினார்கள்.

கடைசிக்கு நாலு அடி குறைந்தது. ஆரோக்கியதாஸ் மோட்டாரைத் தட்டிக்கொண்டே பாடினான்.

“சேவுகம்பட்டிப் பொண்ணு சிரிச்சா – எங்க
சித்தப்பன் செருப்ப விட்டு ஓடிட்டான்
பல்லு வந்து வாசல்ல நிக்கிது – அவ
பத்து நிமிசம் கழிச்சு வந்தா!”

“நான் சேவுகம்பட்டிப் பக்கமே போனதில்லையே தாசு,” என்றான் பொன்னழகு.

“சிரிச்சாவுக்கு முன்னாடி ஒரு சே வேணும் மாப்ள. செம்பட்டின்னு போட்டா தாளம் நொண்டுது.”

பொன்னழகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வரி நின்றுவிட்டது.

அந்தப் பாட்டு போன வேகத்துக்கு வேறெதுவும் போகவில்லை. ஆட்டோவில், டீக்கடையில், கல்யாண மண்டபத்தில் எல்லாம் சேவுகம்பட்டிப் பொண்ணு சிரித்தாள். யார் யாரோ தங்கள் குரலில் பாடிப் போட்டார்கள். துருத்திய பொய்ப்பல் கட்டிக்கொண்டு ஆடிப் போட்டார்கள். இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துப் பொன்னழகுக்கு ஒரு வரன் வந்தது. பெண் பெயர் பானுப்ரியா, வயது முப்பத்தாறு, தையல் கடை வைத்திருக்கிறாள். விவசாயி என்றாலும் பரவாயில்லை, குணம் போதும் என்று சொன்னாளாம். ஊர் சேவுகம்பட்டி. பொன்னழகு அதைச் சொல்லிச் சிரித்தான். ஆரோக்கியதாஸும் சிரித்தான். பெண் பார்க்கப் பொன்னழகோடும் அக்காவோடும் துணைக்கு அவனும் போனான்.

வீட்டில் மரியாதையாக உட்கார வைத்தார்கள். பானுப்ரியா காபித் தட்டோடு வந்தாள். களையான முகம். மேல்வரிசைப் பற்கள் உதட்டுக்கு வெளியே நன்றாகத் தெரிந்தன.

வரனுக்கு அனுப்பிய போட்டோவில் தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்த பொன்னழகை அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஆரோக்கியதாஸைப் பார்த்தாள், பொன்னழகைப் பார்த்தாள், தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அந்தப் பாட்டுப் பாடுறவுக நீங்கதானண்ணே?”

அவளுடைய அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “எந்திரிச்சுப் போங்கய்யா,” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அன்றைக்கே ஆரோக்கியதாஸ் பாட்டை அழித்துவிட்டான். அவன் அழித்தது அவனுடையதை மட்டும்தான். மற்றவர்கள் பாடியதும் ஆடியதும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வாரம் தூக்கம் பிடிக்காமல் புரண்டுவிட்டு, சேவுகம்பட்டிக்குத் தனியாகப் போனான்.

பானுப்ரியா தையல் மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

“ஒங்கள நெனச்சு எழுதலம்மா. சத்தியமா. மோனைக்காகப் போட்டது. பொன்னழகு நல்லவன், அவனுக்கு இதுல ஒண்ணுமில்ல. நான்தான் போட்டேன்.”

“தெரியும்ணே. என்னைய ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” துணியைத் திருப்பிப் போட்டாள். “வேற ஊரு பேரப் போட்டிருந்தா அந்த ஊருல ஒருத்தி இருந்திருப்பா. டவுன் பஸ்ஸுல நான் ஏறுனா அந்தப் பாட்டப் போடுவாய்ங்க. இப்ப நடந்தே போறேன்.”

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே யோசிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. “செய்றதுக்கு ஒண்ணுமில்லயேண்ணே,” என்றாள்.

பொன்னழகு கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவன் திட்டவில்லை, பேச்சை நிறுத்தவுமில்லை. “நீ போட்ட, நான்தான சிரிச்சேன். நான் சிரிக்கலைன்னா அந்த வரி நின்னிருக்காது,” என்றான். அதற்குப் பிறகு டின்னைத் தொடவில்லை. இனிமேல் பெண் பார்க்கப் போகவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டான்.

அந்தோணியார் திருவிழாவில் பாட ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்ததால் ஆரோக்கியதாஸ் தனியாக மேடை ஏறினான். ரேஷன் கடைப் பாட்டைப் பாடினான். பஸ் பாட்டைப் பாடினான். கூட்டம் சேவுகம்பட்டியைக் கேட்டது. மைக்கில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். “ஒரு பொண்ணு மனசு...” என்பதற்குள் விசில் பறந்தது. அதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் யாரோ தொடங்க, பெண்களும் பிள்ளைகளுமாக மைதானம் முழுக்க ஒரே குரலில் பாடியது. ஒரு சொல் பிசகவில்லை. அவன் கையில் மைக்கோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். எல்லாரையும் சேர்த்துக்கொண்டு பாடுவதுதானே அவன் இத்தனை வருஷமாகச் செய்தது.

இப்போது கடையில் யாராவது புலம்பினால் ஆரோக்கியதாஸ் தலை நிமிர்வதில்லை. பழைய ஆட்கள் ஒரு வரி எடுத்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள். “செத்த பொறுங்க, கம்பி அறுந்துரும்,” என்கிறான். போன மாதம் பொன்னழகின் மோட்டார் புகைந்துபோய் வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பழைய செம்புக் கம்பியை உருவி எடுத்தார்கள். மழை இல்லை, பூவுக்கு விலை இல்லை என்று பொன்னழகு சொன்னான். ஆமாம் என்றான் ஆரோக்கியதாஸ்.