நேரில் அழைத்த நூறு வீடுகள்

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பாகூர் பக்கம் செலியமேட்டில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அதற்கு முந்தைய மூன்று வாரங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும்.

பதினேழு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு வில்லியனூர் பகுதிச் செய்தியாளராக இருந்தேன். உள்ளூர்ப் பக்கத்தை நிறுத்தினார்கள், என்னையும் நிறுத்தினார்கள். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு, மகள் பத்தாம் வகுப்பு. சில மாதங்கள் வீட்டில் இருந்தபின் இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, தனியார் பள்ளி அலுவலகத்தில் கடிதங்கள் பார்க்கும் வேலை. சம்பளம் குறைவு, ஆனால் மாதாமாதம் வரும். மற்றொன்று, ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் ஏஜென்ட் வேலை. சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். ஓடினால் பள்ளியைப் போல இரண்டு மடங்கு வரும் என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

ஏஜென்ட் தேர்வில் தேறிவிட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி. பழக்கதோஷத்தில் அதை மூன்று முறை படித்தேன். ஆயுள் காப்பீட்டில் அந்த ஒரு நிறுவனத்தின் பாலிசிகளைத் தவிர வேறெதையும் நான் விற்கக் கூடாது. ஆண்டுக்கு இத்தனை என்ற எண்ணிக்கை குறைந்தால் ஏஜென்சி போய்விடும். இடையில் விலகினால், நான் சேர்த்துவிட்டவர்கள் நிறுவனத்தோடு இருப்பார்கள், எனக்குத் தொடர்ந்து வரவேண்டிய கமிஷன் வராது. எதுவும் ஒளித்து எழுதப்படவில்லை. எல்லாம் தெளிவாகவே இருந்தது. அதனாலேயே பயம் கூடியது.

என்னைச் சேர்த்துக்கொள்ள முன்வந்த மேலாளருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. இஸ்திரி கலையாத சட்டை, நிதானமான பேச்சு. முதல் சந்திப்பிலேயே, "தெரிஞ்சவங்க நூறு பேர் லிஸ்ட் வேணும் சார். யோசிச்சு எழுதாதீங்க. உங்க வூட்ல கடைசியா நடந்த விசேஷத்துக்கு பத்திரிகை வெச்ச நோட்டு இருக்கும்ல, அத எடுத்துனு வாங்க" என்றார்.

இருந்தது. மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நானும் மனைவியும் எழுதிய நீள நோட்டு. எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுபோல பஸ் போகிற வழியாகப் பிரித்திருந்தோம்: வில்லியனூர் லைன், திருக்கனூர் லைன், பாகூர் லைன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'நேரில்' அல்லது 'போன்' என்று குறிப்பு. தாம்பூலத்தட்டோடு வாசலில் நின்று அழைத்த வீடுகள் 'நேரில்'. நூற்று இரண்டு.

மேலாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "போன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். நேர்லன்னு எழுதினவங்க உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனைவி வேறு மாதிரி சொன்னாள். "இன்னா, நம்ம பொண்ணு விசேஷத்துக்கு வந்தவங்க வூட்டுக்கெல்லாம் பாலிசி விக்கப் போறியா? இனிமே நாம யார் கல்யாணத்துக்குப் போய் குந்தினாலும் பக்கத்து சேர் காலியாத்தான் இருக்கும் பாரு." நானும் சிரித்தேன். ஆனால் அவள் நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டவில்லை. பள்ளிச் சம்பளத்தில் மகளை மேலே படிக்கவைக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன் கையெழுத்து என்று முடிவானது. புதன்கிழமை மேலாளர், "நாளைக்கு ஒரே ஒரு வீடு போய்ட்டு வரலாம் சார். நீங்க கையெழுத்து போட்டதும் அது உங்க கணக்குல ஏறும். எவ்ளோ சுலபம்னு பாத்தீங்கன்னா பயம் போயிடும்" என்றார். நோட்டில் பாகூர் லைனின் முதல் பெயர் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, கரும்பும் நெல்லும் வைக்கிறவர். அன்று மாலையே அக்காவுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

நாங்கள் போனபோது பகல் பதினொன்று. அக்கா வீட்டைத் துடைத்துவிட்டு, சாமி படத்துக்குப் புதுப் பூ போட்டிருந்தாள். தம்பியின் முதல் பாலிசி. மேலாளருக்கு ஸ்டீல் டம்ளரில் காபி. மாமா கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், பனியனோடு வந்து உட்கார்ந்தார். மேலாளர் கைபேசியில் விண்ணப்பத்தைத் திறந்து பெயர், பிறந்த தேதி, ஆதார் எல்லாம் பதிந்தார். பிறகு உடல்நலக் கேள்விகள் வந்தன. திரையில் ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"சுகர் இருக்குதா?"

"இல்ல."

"பிரஷர்?"

"இல்ல."

"நெஞ்சு வலி, ஆஸ்பத்திரில சேர்ந்தது, ஈசிஜி எடுத்தது?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். அக்கா முந்திக்கொண்டாள்: "நல்ல காரியம் நடக்கறப்ப அந்தப் பேச்சு இன்னாத்துக்குங்க? எல்லாத்துக்கும் இல்லன்னு போடுங்க."

எங்கள் வீடுகளில் இது வழக்கம். கையெழுத்துப் போடும் இடத்தில் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் தீபாவளிக்கு அடுத்த வாரம் மாமா வயலில் வியர்த்துப்போய், மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். அவரை என் வண்டியில் அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன் நான். ஈசிஜி எடுத்தார்கள், ஓரிரவு வைத்திருந்தார்கள், மாத்திரை எழுதினார்கள். பதிவுச் சீட்டில் 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் இருப்பது என் பெயர், என் எண்.

மேலாளரின் விரல் 'இல்லை'யைத் தொட்டது.

இதை எழுதும்போது அந்த இடத்தில்தான் நிற்கிறேன். பாலிசி எடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பு நேர்ந்தால் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடிப் பார்ப்பார்கள், மறைத்தது தெரிந்தால் பணம் தரமாட்டார்கள் என்று பயிற்சி வகுப்பில் நானே குறிப்பெடுத்தவன். அதை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைவில் இருந்தது. வாய் திறக்கவில்லை. இந்த ஒன்று முடிந்தால் நாளைக்குத் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம் என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

விண்ணப்பத்தை உறுதி செய்ய ஓடிபி அனுப்பினார் மேலாளர். மாமா இடுப்பைத் தடவிப் பார்த்தார். கைபேசி சட்டைப் பையில், சட்டை மோட்டார் கொட்டகை ஆணியில். "தோ போய் எடுத்துனு வரேன்" என்று கிளம்பினார். கொட்டகை வீட்டின் பின்னால், கரும்பைத் தாண்டி. போய் வரப் பத்து நிமிடம் ஆகும்.

மேலாளர் பேசிக்கொண்டிருந்தார், அடுத்த வீடு எது, எந்தத் தெரு என்று. அக்கா, இரண்டு வீடு தள்ளி இருக்கும் கொழுந்தனாரிடம் தானே பேசிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு அந்தச் சீட்டில் இருக்கும் என் எண் மட்டுமே கண்ணில் நின்றது. மாமாவுக்கு ஏதாவது ஆகி, யாராவது விசாரிக்க வந்தால், ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கும் எண்ணுக்குத்தான் முதலில் பேசுவார்கள். போனை எடுக்கப்போவது நான். பக்கத்தில் அக்கா இருப்பாள்.

"மாமாவுக்கு ஓடிபி பாக்கத் தெரியாது" என்று சொல்லி எழுந்தேன். அது பொய். அவர் தினமும் பார்க்கிறவர்.

கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "மாமா, நெஞ்சு வலி வந்தத சொல்லிடலாம்."

அவர் மோட்டாரை நிறுத்தினார். கைபேசியை லுங்கி நுனியில் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதா மச்சான்? சொன்னா டெஸ்ட்டு எடுன்னுவான், இழுப்பான். உனக்கு மொத பாலிசி, ஆரம்பமே தடங்கலா போயிடும்னு உங்கக்காதான் ராத்திரியே சொல்லிச்சு, கேட்டா இல்லன்னு சொல்லுன்னு. உனுக்கோசரம்தான்பா. எனக்கா பாலிசி இல்லாம தூக்கம் வரல?"

சகுனம் பார்த்து மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காக மறைத்திருக்கிறார்கள். மூன்று வாரங்களாக ஒப்பந்தத்தில் நான் தேடிக்கொண்டிருந்த ஆபத்து அதில் எந்தப் பத்தியிலும் இல்லை; அது என் நோட்டில் இருந்தது. 'நேரில்' என்று குறித்த அத்தனை வீடுகளிலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். கையில் ஒரே நிறுவனத்தின் பாலிசிதான் இருக்கும். அது அந்த வீட்டுக்குப் பொருந்தாவிட்டால் வேறு நிறுவனத்துக்கு அனுப்பிவைக்க எனக்கு வழி இல்லை. பாலிசியை மாற்ற முடியாத இடத்தில், பதிலை அவர்களே எனக்காக மாற்றிக்கொள்வார்கள். நான் கேட்கக்கூட வேண்டாம்.

திரும்பி வந்ததும், மாமாவை ஓடிபி எண்ணைச் சொல்லவிடாமல், நான் சொன்னேன். தீபாவளி, அரியூர், ஈசிஜி, மாத்திரை எல்லாவற்றையும். அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "வெளியாளு முன்னாடி மானத்த வாங்கிட்டான்" என்று உள்ளிருந்து கேட்டது.

மேலாளர் கோபப்படவில்லை. விண்ணப்பத்தில் பின்னால் போய் 'ஆம்' என்று மாற்றினார். உடனே திரை மருத்துவ அறிக்கைகளைக் கேட்டது. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வண்டியருகே வந்ததும்தான் பேசினார்.

"நீங்க சொன்னது கரெக்ட்டுதான் சார். ஆனா ஒண்ணு யோசிங்க. நூறு வூட்லயும் பின்னாடியே மோட்டார் கொட்டாய்க்கு நடப்பீங்களா?"

கிண்டலாகச் சொன்னாரா, அக்கறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவ்வளவு சரியான கேள்வியை நான் என் பேட்டிகளில் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒப்பந்தத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று ஒரு முறைகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முதல் வீட்டிலேயே விரல் 'இல்லை'யைத் தொட்டபோது பேசாமல் இருந்தவன் நான். பத்து மணிக்கு இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன், முதலில் வரவில்லை என்று மேலாளருக்கு, பிறகு வருகிறேன் என்று பள்ளிக்கு.

நேர்மையாக இதே வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை, வேறொரு நிறுவனத்தின் ஏஜென்ட், திருக்கனூர்க்காரர், பின்பு தேடிப் பிடித்து மாமாவை அவரிடம் நானே அழைத்துப் போனேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைச் செய்திருக்க முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். சோதனைகள் நடந்தன. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. ஆக, மாமாவுக்கு இன்னும் பாலிசி இல்லை. அக்கா ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது பேசுகிறாள், ஆனால் அந்த வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மகளின் மேல்படிப்புக்கு என்ன செய்வது என்று நானும் மனைவியும் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அக்காவின் எண்ணிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் அழைப்பு வந்தால் மாமாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் இன்றும் முதலில் நினைக்கிறேன்; ஆனால் அந்த நோட்டில் உள்ள நூற்று இரண்டு வீடுகளில் ஒரு வீட்டில்கூட எனக்காகச் சொன்ன 'இல்லை' எதுவும் எந்த விண்ணப்பத்திலும் நிற்கவில்லை என்ற நினைப்பில்தான் போனை எடுக்கிறேன்.