தாயம் போடும் கை

தாயம் வேண்டுமென்றால் பெர்சிஸ் கட்டைகளைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போலத் தரையோடு தரையாக உருட்டிவிடுவார். பன்னிரண்டு வேண்டுமென்றால் முட்டிபோட்டு எழுந்து, தோளுக்கு மேல் கையைத் தூக்கி, இரண்டு பித்தளைக் கட்டைகளும் சிமெண்டுத் தரையில் மோதி எகிறும்படி வீசுவார். "சின்ன நம்பருக்கு மெதுவா, பெரிய நம்பருக்கு வேகமா. இது தெரியாம ஆட வந்து உக்காந்துகினு கீதுங்க பாரு," என்று எதிரே இருக்கும் சிவந்தியைப் பார்த்துச் சொல்வார். போன ஆட்டத்தில் தாயம் கேட்டு மெதுவாகப் போட்டும் ஆறு விழுந்ததே என்று சிவந்தி நினைவுபடுத்துவார். அப்போது யாரோ தும்மிவிட்டார்கள் என்பது பெர்சிஸின் கட்சி.

கல்மண்டபத்தில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே நுழையும் ஒரு சந்தில் பெர்சிஸ் இட்லி மாவு விற்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. காலை வியாபாரம் ஓய்ந்து சாயங்காலக் கூட்டம் வருவதற்குள், கிரைண்டருக்குப் பக்கத்திலேயே சாக்பீஸில் கட்டம் போட்டு ஆட்டம் தொடங்கிவிடும். பெர்சிஸுக்குக் கூட்டாளி ஜெரினா. எதிர்க்கட்சிக்குத் தலைமை சிவந்தி. தோற்றவர்கள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். மாவு வாங்கப் போகிற நான் பல நாள் அங்கேயே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். தாத்தா காலத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து கருப்பட்டி விற்க வந்த குடும்பம் பெர்சிஸுடையது. பெர்சிஸ் பிறந்து வளர்ந்ததெல்லாம் ராயபுரம்தான். தாத்தா ஊர்ப் பேச்சு அவரிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

கையை அவர் இப்படி நம்புவதற்கு நியாயமான ஒரு தொடக்கம் உண்டு. மாவு கலக்க அவர் கரண்டியைத் தொடுவதில்லை. முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவார். அவர் கலக்கிய மாவு பொங்கி நிற்கும். வேலைக்கு வரும் பெண் கலக்கினால் பாதி நாள் படுத்துவிடும். கடற்காற்று ஈரமாக அடிக்கிற நாளில் உப்பு எவ்வளவு என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். தெருவே அதைக் கைராசி என்கிறது. மாவு கேட்கிற பேச்சைக் கட்டை மட்டும் ஏன் கேட்காது? தொழிலில் கை சொன்னபடியே நடந்து பழகிய ஒருவர், எந்த இடத்தோடு கையின் அதிகாரம் முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? எல்லைக்கல் எதுவும் நட்டு வைக்கவில்லையே.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் குலுக்கல் சீட்டு விற்க வருபவர்கள் அவரிடம் ஒரு சீட்டைக் கிழித்து நீட்டிவிட முடியாது. புத்தகத்தையே வாங்கி, கண்ணை மூடித் தடவி, நடுவிலிருந்து தானே ஒன்றை எடுப்பார். பல வருடங்களுக்கு முன்னால் அப்படி எடுத்த சீட்டுக்கு ஒரு மிக்ஸி விழுந்தது. மிக்ஸி இன்றும் ஓடுகிறது. விழாத சீட்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. ஒருமுறை அவருடைய சீட்டுக்கு அடுத்த எண்ணுக்குப் பரிசு கிடைத்தது. வேறொருவர் என்றால் நொந்துபோயிருப்பார். பெர்சிஸ் உற்சாகமாகிவிட்டார். கை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது, ஒரு சீட்டு தள்ளி எடுத்துவிட்டோம், அவ்வளவுதான் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவந்தி ஒருநாள் குறும்பாக ஒரு காரியம் செய்தார். கட்டைகளை உருட்டிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடினார். என்ன விழுந்திருக்கிறது சொல், இரண்டு பஜ்ஜி பந்தயம் என்றார். உருட்டுவதற்கு முன்னால் நாலு பஜ்ஜிகூடத் தயங்காமல் கட்டுகிற பெர்சிஸ், இதற்கு மட்டும் மாட்டேன் என்றார்.

"வுயுந்தது வுயுந்துபோச்சு. இனிமே அதுல கைக்கு இன்னா வேல கீது?"

சட்டிக்குள் இருப்பதும் தெரியாது, இனி விழப்போவதும் தெரியாது. ஆனால் கட்டை காற்றில் இருக்கும்வரை அவர் அதில் பங்குதாரர்.

இதெல்லாம் பஜ்ஜியோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பெர்சிஸும் கணவர் ஆன்றோவும் இருந்த பழைய குடியிருப்பை இடித்து, அதே இடத்தில் எட்டு மாடி எழுப்பினார்கள். ஜெரினா, சிவந்தி வீடுகள் உட்பட அங்கிருந்த குடும்பங்கள் சுற்றியுள்ள சந்துகளில் வாடகைக்கு இருந்து காத்திருந்தன. யாருக்கு எந்த மாடி என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். ஆன்றோ துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிவந்த ட்ரெய்லர் டிரைவர். பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்டது. இப்போது அவருக்கு இருப்பது ஒரே ஒரு போக்கிடம். ஊன்றுகோலோடு தெருமுனை டீக்கடைக்குப் போய், துறைமுக கேட்டுக்கு வரிசைகட்டி நகரும் வண்டிகளில் தெரிந்த முகங்களைத் தேடுவார். "இன்னா மாமு, எப்போ வண்டி எடுக்கப் போறே?" என்று யாராவது கேபினிலிருந்து குரல் கொடுத்தால் அன்றைக்கு ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார். படியேற அவரால் ஆகாது. மாடி வீடு கிடைத்து, லிப்டும் நின்றுவிட்டால் அவருக்கு டீக்கடை இல்லை, வண்டிகள் இல்லை, மாமு என்று கூப்பிட ஆளில்லை. ஆகவே தரைத்தளம் வேண்டும்.

அதற்கு நேர்வழி ஒன்று இருந்தது. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிக் கொடுத்தால் குலுக்கல் இல்லாமலே தரைத்தளத்தில் ஒதுக்குகிறோம் என்று அதிகாரிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நாலு நடை நடக்க வேண்டும். ஆன்றோ கிளம்புவதற்குச் சட்டையும் போட்டுவிட்டார். பெர்சிஸ்தான் உட்காரவைத்தார்.

"சொம்மா எதுக்கு அந்தக் காலை இசுத்துகினு அலையறே? சீட்டு எடுக்கப் போறது யாரு, நானு."

அட்டை கொடுக்க வேண்டிய நாள் கடந்துபோயிற்று.

குலுக்கலன்று புதுக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மேசைமேல் சீட்டுப் பெட்டி இல்லை. ஒரு லேப்டாப், பக்கத்தில் பெரிய திரை. பெயர் கூப்பிட்டதும் வந்து ஒரு பட்டனை அழுத்த வேண்டும். வீட்டு எண் திரையில் தெரியும். பெர்சிஸ் முதலில் தடுமாறினார். துழாவிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. பிறகு, முன்னால் போகிறவர்களின் விரல்களைக் கவனிக்கத் தொடங்கினார். ஒரு பெண் பட்டனைக் குத்துவது போல அழுத்தினார். எட்டாவது மாடி வந்தது. பெர்சிஸ், கூடப் போயிருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி, குத்தினால் மேலே போகிறது என்றார். அடுத்து வந்த பெரியவர் இன்னும் ஓங்கிக் குத்தி முதல் மாடி வாங்கினார். அந்த நேரத்தில் பெர்சிஸ் திரும்பி ஆன்றோவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பெயர் வந்தது. வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார். விரல் பட்டனைத் தொட்டதா என்பதே சந்தேகம். திரை அசையவில்லை. அழுத்துங்கம்மா என்றார் அதிகாரி. மறுபடி தொட்டார். இன்னும் கொஞ்சம் என்றார் அதிகாரி. மூன்றாவது முறை பட்டன் அமுங்கியது.

ஆறாவது மாடி.

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை, சிவந்திகூட. பெர்சிஸ் அதிகாரியிடம் சண்டைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரைத் திட்டவும் இல்லை. நேராக ஆன்றோ உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு வந்து நின்றார்.

"கடசீல அயுத்திட்டேன்யா. அவுரு அமுக்கு அமுக்குன்னாரு, கை கனத்துட்ச்சு."

"அது மிசினும்மே," என்றார் ஆன்றோ. "நீ அமுக்குனாலும் அதான், காக்கா வந்து கொத்துனாலும் அதான். உம்மேல இன்னா கீது?"

"இல்லய்யா. நான்தான்."

வலிய வந்த மன்னிப்பை அவர் ஏன் தள்ளிவிட்டார் என்று நெடுநேரம் யோசித்தேன். கை தவறிவிட்டது என்றால், அது அந்த ஒரு நாளின் தவறு. கைக்கு அங்கே வேலையே இல்லை என்றால், ஆஸ்பத்திரிக்குச் சட்டை போட்டு நின்ற மனிதரை உட்காரவைத்ததற்கு என்ன பெயர்?

அடுத்து ஜெரினாவைக் கூப்பிட்டார்கள். அவர் மேசைக்குப் போகாமல் நேராகப் பெர்சிஸிடம் வந்தார்.

"அக்கா, எனுக்கு நீ வந்து அமுக்கு."

இப்போதுதானே பார்த்தாய் என்பது போலப் பெர்சிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"உனுக்குன்னு அமுக்குனா வராதுக்கா. அடுத்தவங்களுக்குன்னாதான் உன் கை பேசும். எந்த மாடின்னாலும் சரி, சிவந்தி வூட்டுப் பக்கத்துல மட்டும் வோணாம்."

"நானும் அத்தத்தான் வேண்டிக்கினு கீறேன்," என்றார் பின்வரிசையிலிருந்து சிவந்தி.

வேறொருவர் அழுத்தலாமா என்று ஜெரினா கேட்டதற்கு, யார் அழுத்தினாலும் ஒன்றுதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆன்றோ தன் ஊன்றுகோலைச் சற்று நகர்த்தி மனைவிக்கு வழி விட்டார். பெர்சிஸ் மேசைக்கு முன்னால் போய் நின்றார். வலது கை பட்டனுக்கு மேலே வந்து நின்றது. பிறகு அதை இறக்கி, முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினார்.