பலகையும் தாளும்

எங்கள் அறையில் நான்கு மேசைகள், நான்கு தொலைபேசிகள். ரசாயனம் ஏற்றிய லாரி எந்தச் சாலையில் கவிழ்ந்தாலும், அதன் முதுகில் எழுதியிருக்கும் உதவி எண்ணை அழுத்தினால் இங்கேதான் மணி அடிக்கும். என் பக்கத்து மேசை நம்பரக்கா. லாரிப் பலகையில் இருக்கும் நாலு இலக்கத்தைச் சொன்னால் போதும். உள்ளே என்ன சரக்கு, தண்ணீர் அடிக்கலாமா, ஆட்களை எவ்வளவு தூரம் விலக்க வேண்டும், எல்லாம் புத்தகம் திறக்காமலே சொல்லிவிடுவாள். மகள் கடையிலிருந்து கூப்பிட்டால்கூட வாய் தவறி, "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?" என்பாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். எனக்கு அவள்மேல் பொறாமையும் உண்டு, மறைப்பானேன்.

அன்று மதியம் தீயணைப்புக் குழுத் தலைவர் ஒருவர் கூப்பிட்டார். டேங்கர் சாய்ந்து ஒழுகுகிறது, டிரைவருக்கு நினைவில்லை. பலகை எண்ணைப் படித்தார்.

"காஸ்டிக் சோடா சார். தண்ணி அடிச்சுக் கரைச்சு விடுங்க" என்றாள் நம்பரக்கா. பத்து நொடிகூட ஆகவில்லை.

பலகையைக் கேட்டபின் டிரைவரிடம் இருக்கும் சரக்குத் தாளையும் எடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயைத் திறக்கலாம். பாழாய்ப்போன அவசரம், அவள் கேட்கவில்லை. குறிப்பெடுக்க நானும் ஹெட்போனைக் காதில் மாட்டி அதே அழைப்பைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், நானும் நினைவூட்டவில்லை. பலகை முந்தைய சரக்குடையது, டிரைவர் மாற்றவில்லை. உள்ளே இருந்தது தண்ணீர் பட்டால் சீறும் அமிலம். தலைவரின் முகத்தில் தெறித்தது. கண் பிழைக்குமா என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை.

விசாரணையில் டிரைவர்மேல் பழியை எழுதி முடித்துவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குப் பேசவே கூடாது. வாயக் கொடுத்து மாட்டிக்காதீங்க, வேலை போயிடும்" என்றார் மேலாளர். "சரி சார்" என்றாள். அழவில்லை. வந்தாள், போனை எடுத்தாள், டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள், கழுவி வைத்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன, கல்லா நீ?" என்று கேட்டே விட்டேன்.

"தெரியலடி. எதுவுமே உறைக்க மாட்டேங்குது."

ஆறாவது வாரம் ஒரு காலையில் அவள் தொலைபேசி அடித்தது. நானும் காதில் மாட்டினேன்.

"மேடம், அன்னைக்கு டேங்கர் நம்பர் படிச்சவன் பேசறேன். டிரைவர் தப்புன்னுதான் சொல்றாங்க, மனசு கேக்கல. நான் நம்பரைத் தப்பாப் படிச்சிட்டேனா? படுத்தா அதேதான் ஓடுது."

இங்கே பேசுவதெல்லாம் பதிவாகும், மேலாளர் கேட்பார். அது தெரிந்துதான் பேசினாள், ஊரை விலக்கச் சொல்லும் அதே குரலில்.

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க சார். பலகைதான் தப்பு. தாளைப் படிக்கச் சொல்லியிருக்கணும், நான் சொல்லல. தப்பு என்னோடது."

மறுமுனையில் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப நான் இல்ல" என்றார்.

"நீங்க இல்ல. கண்ணு எப்படி இருக்கு சார்?"

"ரெண்டும் போயிடுச்சு, மேடம்."