வெள்ளையாக இருந்த ஃபில்டர்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, தை 23. காலை 6.20. கடும் பனி. வெட்டாற்றுப் பாலத்தின் மறுமுனை தெரியவில்லை. காற்று துளியும் இல்லை. கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிப் போன எங்கள் பிக்கப் வண்டி பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. முப்பது மூட்டை, மூட்டைக்கு நாற்பது கிலோ. ஓடோமீட்டரில் 3,12,408.

முப்பத்தோரு ஆண்டு நில அளவையராக இருந்தவன் நான். எங்கள் பக்கத்துப் பூமி எவ்வளவு சமமானது என்று எனக்குத் தெரியும். ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலங்கள், ஒரு ரயில்வே மேம்பாலம், அவ்வளவுதான். வண்டிக்கு இழுவை குறைந்தால் அங்கேதான் தெரியும். பத்து மாதமாகத் தெரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் கியரில் ஏறிய பாலத்தை இரண்டாம் கியரில் ஏறியது, பிறகு முதல் கியரில். கறுப்புப் புகை தள்ளியது. லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒன்பதுக்கு இறங்கியது. டீசல் போட்ட ஒவ்வொரு நாளும் நான் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

சும்மா இருக்கவில்லை. ஊர் மெக்கானிக்கிடம் காட்டி டீசல் ஃபில்டரை மாற்றினேன். குறையவில்லை. இன்ஜெக்டரைக் கழற்றி சர்வீஸ் செய்தோம். இரண்டு வாரம் நன்றாக ஓடுவதுபோல் இருந்தது, அது என் ஆசை. கிளட்ச் வழுக்குகிறது என்றார், பிளேட்டை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பார்ப்பார். ஃபில்டர் புதிதுபோல வெள்ளையாக இருக்கும். "காத்துல குத்தம் இல்லைங்க" என்று மூடிவிடுவார்.

அது வெள்ளையாக இருந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. முந்தைய அறுவடையின்போது, அறுவடை மெஷின் கிளப்பும் சுணையும் பதரும் இன்ஜினுக்குள் போகாதிருக்க, காற்று இழுக்கும் குழாயின் வாயில் நான்தான் துணி கட்டியிருந்தேன். அந்த வாய் முன்பக்கம் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். துணி, இறந்துபோன என் மனைவியின் நூல் புடவை, நீலத்தில் மஞ்சள் கட்டம். அவள் துணிகளையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டபோது அதை மட்டும் வைத்துக்கொண்டேன். நெருக்கமான நெசவு. இரண்டாக மடித்துக் கட்டி, "அம்மா புடவை தம்பி, பத்திரம்" என்று டிரைவரிடம் சொன்னேன்.

டிரைவர் பதினோரு வருடமாக அந்த வண்டியை ஓட்டியவர். அப்போது வயது நாற்பத்தாறு. அவர் அப்பா எங்கள் வயலில் கூலி வேலை பார்த்தவர். இவருக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர் இருக்கிறது, மகள் திருவாரூரில் மேற்படிப்பு படிக்கிறாள். என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டபோது வாரம் இரண்டு முறை தஞ்சாவூருக்கு டயாலிசிஸுக்கு இவர்தான் அழைத்துப்போனார். 212 நடை. அவளுக்கு உடம்பு அலுங்கக் கூடாது என்று முப்பதுக்கு மேல் முடுக்க மாட்டார். என் நோட்டில் மிக நல்ல மைலேஜ் அந்த இரண்டு வருடத்தில்தான் இருக்கிறது.

இப்போது மாற்றக்கூடியதையெல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் கழிபடாமல் மிஞ்சியவர் டிரைவர்.

பாலத்தில் வண்டி நின்றதும் பின்னால் டிராக்டரில் வந்தவர்கள் இறங்கிவந்தார்கள், ஏழு பேர். அவர்கள் எதிரில் நான் கேட்டேன்.

"டீசல் எங்க போவுது, தம்பி?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நான் வித்துட்டேங்கிறீங்களா ஐயா?"

பையிலிருந்து நோட்டை எடுத்து மாதவாரியாகப் படித்தேன். பத்து மாதத்தில் கூடுதலாகப் போன டீசல் 214 லிட்டர். ஏழு பேரும் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "நெல்ல இறக்கிட்டு அப்புறம் பேசுங்க சார், பனியில நனையுது" என்றார்.

பத்து மூட்டையை டிராக்டருக்கு மாற்றிய பிறகு வண்டி ஏறியது. அவர்தான் ஓட்டினார். கொள்முதல் நிலையத்தில் முப்பது மூட்டையும் இறங்கி எடை போடும்வரை கூடவே நின்றார். வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டு, பின்தட்டில் சிந்திக் கிடந்த நெல்லைக் கூட்டி ஒரு பையில் அள்ளிவைத்தார். சாவியை ஆணியில் மாட்டினார். சீட்டுக்கு அடியிலிருந்து தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தொன்பது நாள் வண்டி நின்றது. இருபதாம் நாள் வாடகை டிரைவர் ஒருவரை வைத்து, திருவாரூருக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த மெக்கானிக் என்னை முன்பின் அறியாதவர். நோட்டை நீட்டினேன், வாங்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிப் புகையைப் பார்த்தார். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்றார். ஃபில்டர் வெள்ளையாக இருக்கிறதே என்றேன். டப்பாவைத் திறந்தே பார்க்காமல் குழாயைக் கையால் தடவிக்கொண்டே முன்னால் போனார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கை நின்றது.

வெளியே எடுத்தபோது அது புடவையாக இல்லை. தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, காய்ந்த வறட்டிபோல இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் நீலம் தெரிந்தது.

"யாரு சார் இதைக் கட்டினது? இன்ஜினுக்கு மாஸ்க் மாட்டி விட்டிருக்கீங்க" என்று சிரித்தார். நான்தான் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, தூசு முழுக்க இதிலேயே அடைத்துக்கொண்டதால்தான் ஃபில்டர் வெள்ளையாக இருந்தது என்று விளக்கினார். எனக்கு விளங்கிவிட்டிருந்தது. திரும்பி வரும்போது வண்டி வெட்டாற்றுப் பாலத்தை மூன்றாம் கியரில் ஏறியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் திருவிடைமருதூர் பக்கம் ஒரு கல்லூரிக்கு பஸ் ஓட்டப் போயிருந்தார்; அன்று லீவு. நாற்காலி போட்டார், டீ வந்தது. துணியைப் பற்றிச் சொன்னேன். ஏழு பேர் எதிரில் கேட்டது தப்பு, அந்த ஏழு பேரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். வேலை செய்யாத நாட்களின் சம்பளத்தைக் கவரில் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"துணி மேல எனக்கு அப்பவே சந்தேகம்தாங்க. காத்து பத்தலைன்னு ரெண்டு தடவை சொன்னேன். ஃபில்டர் வெள்ளையா இருக்குன்னீங்க."

"நீயே அவுத்துப் போட்டிருக்கலாமே தம்பி."

"அம்மா புடவைங்க. நீங்க கட்டினது. நான் எப்படிங்க அவுக்கிறது?"

திரும்பி வந்துவிடு என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு மரக்கா நெல்லு குறையுதுன்னு எங்க அப்பாவ உங்க களத்துல மடிய உதறிக் காட்டச் சொன்னாங்களாம். அவரு உதறிக் காட்டிட்டு மறுநாளும் வேலைக்கு வந்தாரு. என்னால முடியலைங்க."

அது எனக்கு நினைவிருந்தது. அன்று களத்தில் மரக்காலால் நெல் அளந்தவர் என் அப்பா. பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொன்னவன் பதின்மூன்று வயதான நான். நடுவில் ஒன்றை நான் விட்டிருக்கலாம் என்று அறுபது வருடத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை. அன்றுதான், அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, நினைத்தேன். அதை அவரிடம் சொல்லாமல் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தெருமுனைவரை கூட வந்து, பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்க என்றார்.

அந்தத் துணியைச் சோப்பில் ஐந்து தடவை அலசினேன். நீலம் கொஞ்சம் வந்தது, மஞ்சள் வரவில்லை. வண்டி இப்போது லிட்டருக்கு 12.4 கொடுக்கிறது. வாடகை டிரைவர் நல்லவர்தான், அதிகம் பேசமாட்டார். போன வாரம் நோட்டில் அந்தப் பக்கத்தை முடித்துக் கோடு போட்டேன். டீசல் ஃபில்டர் 780, இன்ஜெக்டர் 9,400, கிளட்ச் 11,250, துணியை எடுத்த கூலி 100. மொத்தம் 21,530 ரூபாய்.