ஆலந்தலை அக்காவோடு ஒரு நடை

ஒன்பதாம் மாதத்தில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைப் பார்த்தேன். ஆலந்தலைக்காரர். அவருக்கு மூன்றாவது பிள்ளை, எனக்கு முதல் பிள்ளை. கால் வீங்கியிருந்ததால் கணவரின் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தார். வயிற்றில் பிள்ளை உதைக்கும்போதெல்லாம், "ஏலே, பொறு. கதவு தெறக்கட்டும்" என்று அதட்டுவார்.

நான் இடுப்புவலியில் பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தேன்.

"ஏளா, உக்காந்தே கெடந்தா இடுப்பு விட்டுப் போவும். எந்திரி, என் தோளப் பிடி."

நடந்துகொண்டே, "பயமா இருக்குக்கா" என்றேன்.

"எனக்கும்தான். போன பிரசவத்துல டாக்டரம்மா கையக் கடிச்சிட்டேன். இன்னைக்கும் அவங்கதான். என்னப் பாத்ததும் கையப் பின்னால கொண்டு போயிட்டாங்க!"

நான் சிரித்த சிரிப்பில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இருவரும் வாத்து மாதிரி அசைந்து நடந்தோம். இடையிடையே அவர் நின்று நீளமாக மூச்சு விட்டார். பிறகு நர்ஸ் வந்து அவரை அழைத்துப் போனார்.

என் முறை வர மத்தியானமாகிவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அந்த அக்காவின் மாமியார் மிட்டாய் நீட்டினார்.

"பொம்பளப் பிள்ள! காலையிலயே வலி வந்துட்டு. படுக்கச் சொன்னா கேக்கல. அங்கன ஒரு பிள்ள பயந்துபோய் இருக்கா, கொஞ்சம் நடக்க வச்சிட்டு வாரேன்னு போயிட்டா."

அந்த வலியோடு என்னை எப்படிச் சிரிக்க வைத்தார்? இரண்டு பெற்ற பிறகும் எனக்கு விளங்கவில்லை.